இந்த வீட்டில் வசிப்பவர்கள்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
20.04.2007

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் வருகிற பாதரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆகவே பயப்படாமல் எழுதலாம். உங்கள் பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கொழும்பிலும் அதைச் சுற்றியுள்ள பட்டினங்களிலும் சனங்கள் என்ன வருமானத்தில் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பனி. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர், யார் உழைக்கிறார், என்ன தொழில், பிறிட்ஜ் இருக்கிறதா, கக்கூசு உள்ளேயா வெளியேயா. கழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த அட்டையைக் கண்டதும் செக்கியூரிட்டிக்காரன் கேற்றைத் திறக்கிறான். அதே தெருவில் போன மாதம் என்னை நிற்பாட்டி ஐடென்ரிக் காட்டைப் பறித்து அரைமணித்தியாலம் வெயிலில் விட்டவர்கள் இப்போது மேலும் கீழும் பார்த்துவிட்டு விடுகிறார்கள்.

சம்பளத்துக்காக நான் இதை எடுக்கவில்லை. அத்தான் காணாமல் போன மாசியிலிருந்து எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன். பொலிசில் கொடுத்தேன், மனித உரிமைக் கமிசனில் கொடுத்தேன், ஒரு எம்.பி.யின் கந்தோரிலும் கொடுத்தேன். எல்லாரும் வாங்கி வைக்கிறார்கள். ஒருவரும் தேடவில்லை. இந்த வேலை, எந்த வீட்டுக் கதவையும் தட்டி உள்ளே யார் யார் படுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையை எனக்குத் தந்திருக்கிறது. அவரைத் தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அத்தானுக்குப் படுக்க இடம் கொடுத்த வெள்ளவத்தை ஐயாத்துரையரோடு திரும்பவும் ரெலிபோனில் கதைத்தேன். அதே பதில்தான். "சில்வெஸ்ரர் தானாத்தான் போனது தம்பி. நீர்கொழும்பில கடலுக்குப் போகப்போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனது." ஐஸ் உடைத்து உடைத்து அத்தானுக்குச் சலித்திருக்கலாம். ஒரு கடற்தொழிலாளியை மீன் சந்தையில் ஐஸ் உடைக்கவும், இரவில் வேறொருவரின் கார் கராச்சில் படுக்கவும் விட்டால் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? அடுத்த மாதம் எங்களை நீர்கொழும்புப் பக்கம் அனுப்புவார்கள். அவருடைய படத்தை வைத்திருக்கிறேன்.

நிலக்சனாவுக்கு முத்தம். மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி
றஜீபன்


கரம்பொன்
11.05.2007

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. வாசித்தேன். அவரைப் பற்றிக் கொஞ்ச வரி. மிச்சமெல்லாம் கொழும்புச் சனங்களின் கக்கூசு.

கோபிக்காதே. நீ தேடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ நீர்கொழும்பு நீர்கொழும்பு என்று எழுதும்போது எனக்கு ஒரு விஷயம் பொருந்தவில்லை. அன்னபூரணம் அக்கா, அதுதான் ஐயாத்துரையரின் மனுசி, போன கப்பலில் உன் அத்தானுடைய பையை அனுப்பியிருந்தா. இரண்டு சாரம், ஒரு சேட்டு, சவர்க்காரப் பெட்டி, செபமாலை. வேறு ஊருக்குத் தொழிலுக்குப் போகிறவர் செபமாலையை விட்டுவிட்டுப் போவாரா? அவர் ஒரு நாளும் அது இல்லாமல் வள்ளத்தில் ஏறியதில்லை. நீயும் அவரோடு போயிருக்கிறாய், உனக்குத் தெரியாததா?

ஆனாலும் ஐயாத்துரையரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் அல்லைப்பிட்டியில் அத்தனை பேரைச் சுட்ட பிறகு, செல்லடிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த எங்களுக்குத் தன்னுடைய இந்த வீட்டைத் திறந்து விட்டவர் அவர்தான். வாடகை இல்லை. வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார், உன் மனுசனுக்கு நான் கொழும்பில் படுக்க இடம் கொடுக்கிறேன் என்றார். அவருடைய ஆட்கள் எங்களைக் குசினிக்குள் எடுக்காத காலம் ஒன்று இருந்தது. இப்போது குசினித் திறப்பு என் இடுப்பில் இருக்கிறது.

இந்த வீட்டில் முன்பு நேவி இருந்தது. சுவரெல்லாம் பெடியன்கள் தங்கள் பெயரைக் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சுண்ணாம்பு அடிக்கிறேன். காய்ந்ததும் பெயர்கள் திரும்பத் தெரிகின்றன. நிலக்சனா சிங்களம் தெரியாமலே அவற்றில் விரல் வைத்து எழுதிப் பழகுகிறாள்.

மகன் காணாமல் போனதிலிருந்து மாமி ஒன்றும் கதைக்கிறா இல்லை. துறையில் மீன் வாங்கி வீடு வீடாக விற்கிறேன். மீனும் இல்லை. நேவி பாஸ் கொடுத்து, நேரம் வைத்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குத்தான் விடுகிறார்கள். அதற்குள் வருகிற மீன் என்ன மீன்?

அக்கா
அஞ்சலா


கிரிபத்கொட
17.06.2007

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். லொட்ஜுகளைச் சுற்றிவளைத்து எங்கள் ஆட்களைப் பஸ்சில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். நான் இருந்த லொட்ஜில் ஒருவரும் மிச்சமில்லை. மருந்து எடுக்க வந்த கிழவர்கூட இல்லை. அன்றைக்கு நான் கம்பனி வேலையாக நீர்கொழும்பில் இருந்தபடியால் தப்பினேன். திரும்பி வந்து பார்த்தால் அறைக் கதவுகள் திறந்தபடி, ஒரு அறையில் ஊற்றிய தேத்தண்ணி குடிக்காமல் ஆறிக் கிடந்தது. இப்போது என்னோடு வேலை செய்கிற சிங்களப் பெடியன் ஒருவனின் வீட்டில் படுக்கிறேன். அவனுடைய அம்மா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உறைப்புச் சாப்பிடுவாயா என்று.

நீர்கொழும்பில் கடற்கரை முழுக்க அத்தானின் படத்தைக் காட்டினேன். அங்கே தமிழும் சிங்களமும் கலந்து கதைக்கிற கத்தோலிக்கர்கள்தான், மனம் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்கா, இந்த நகரத்தை நான் இப்போது உள்ளே இருந்து பார்க்கிறேன். கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டில் மாத வருமானம் என்ன என்று கேட்டேன். "ஏதாவது போட்டுக்கொள்ளும்" என்றார் அந்த வீட்டுக்காரர். வனாத்தமுல்லையில் கடலை விற்கிற ஒரு மனுசி விரல் விட்டு எண்ணி, நேற்று மழை என்று அதையும் கழித்துச் சொன்னா. எங்கள் ஆட்களின் பிளாட்டுகளில் தொழில் என்ற இடத்தில் ஒன்றுமில்லை, வருமானம் என்ற இடத்தில் கனடா, லண்டன், சுவிஸ். எல்லாரும் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கம்பனியின் தாளில் ஒரு இலக்கம் இருக்கிறது, காத்திருப்பதற்கு இல்லை.

லொட்ஜுகளையும் எடுப்போமா என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். லொட்ஜ் வீடு இல்லையாம், அங்கே இருப்பவர்கள் வசிப்பவர்கள் இல்லையாம். அவர்களை ஏற்றிப் போகும்போது ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்னொரு விதியும் இருக்கிறது. வீட்டை விட்டுப் போய் ஆறு மாதத்துக்கு மேலான ஆளை அந்த வீட்டில் எழுதக் கூடாது. ஆவணி வந்தால் அத்தானுக்கு ஆறு மாதம்.

றஜீபன்


கரம்பொன்
22.07.2007

அன்புள்ள தம்பி,

அந்த ஆறு மாதக் கதையை நீ எழுதியிருக்கத் தேவையில்லை. எனக்கு இங்கே ஒரு ஆள் போதும்.

மாமி வாயைத் திறந்துவிட்டா. நொவெம்பர் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்களின் திருநாளுக்குப் பாதர் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார் அல்லவா, அதற்கு அவருடைய பெயரைக் கொடுக்கப் போகிறாவாம். நான் சட்டியைப் போட்டு உடைத்துவிட்டேன். மாமி சத்தமே போடாமல் சொன்னா: "உயிரோட இருக்கிறவனுக்குப் பூசை சொன்னா அவனுக்கு ஒண்டும் ஆகாது பிள்ளை. செத்தவனுக்குச் சொல்லாமல் விட்டால் அவனெல்லே மோட்சத்துக்குப் போகேலாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடப்பான். அங்கயும் அவனைக் காத்துக்கொண்டு நிக்க விடுறதோ?"

மாமி சொல்வதில் பிழை இல்லை. ஆனால் நான் கோயிலில் நின்று, சில்வெஸ்ரர் என்று பாதர் வாசிக்க, எல்லாரோடும் சேர்ந்து 'நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்' என்று சொல்ல வேண்டும். என் வாயால் அவரைக் கொல்லச் சொல்லுகிறா. அதை நான் செய்ய மாட்டேன். செய்யாமல் விட்டு, அவர் உண்மையில் செத்திருந்தால், அந்தப் பாவமும் என்னுடையது.

ஆகவே நொவெம்பருக்கு முதல் எனக்கு ஒரு சொல் வேண்டும். இருக்கிறாரா, இல்லையா.

நீ ஐயாத்துரையரின் வீட்டுக்கு நேரில் போ. ரெலிபோனில் பொய் சொல்வது சுகம். அவர் எனக்கு எழுதுகிற கடிதத்தில் முருங்கையை வெட்டியாச்சா, ஓடு பிரிந்ததா, பின் அறையைத் திறக்காதே என்று எல்லாம் கேட்கிறார். இவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊரில் நாய் காணாமல் போனாலும் கேட்பார்கள்.

அஞ்சலா


கிரிபத்கொட
09.09.2007

அன்புள்ள அக்கா,

இதை இருந்து வாசியுங்கள். மாமி பக்கத்தில் நின்றால் பிறகு வாசியுங்கள்.

வெள்ளவத்தைக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். ஐயாத்துரையரின் தெருவும் அதற்குள் வந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுக்க வேண்டும். ஐந்தாவது வீடு அவர்களுடையது இல்லை. நான் பிழையாக எண்ணினேன்.

அத்தானை நான் சந்தையில்தான் சந்திப்பேன், ஆகவே அவர்கள் என்னைக் கண்டதில்லை, குரலைத்தான் தெரியும். அட்டையைப் பார்த்துக் கதவைத் திறந்தார்கள். அன்னபூரணம் அக்கா எந்த ஊர் என்று கேட்டா. மானிப்பாய் என்றேன். உடனே கதிரை வந்தது, சோசரோடு தேத்தண்ணி வந்தது. அல்லைப்பிட்டி என்று சொல்லியிருந்தால் அந்தச் சோசர் வந்திராது, அது எனக்குத் தெரியும். குடித்தேன்.

ஐயாத்துரையர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கடை விற்றாச்சு. மகன் கனடாவிலிருந்து காசு அனுப்புகிறான். ஊரில் வீடு இருக்கிறது, "அதைப் பாக்க ஒரு சனம் விட்டிருக்கிறன்" என்றார். அந்தச் சனம் நீங்கள். பிறகு நான் தாளில் உள்ள கேள்வியைக் கேட்டேன். போன ஒரு வருசத்துக்குள் இந்த வீட்டில் தங்கி, பிறகு போனவர்கள் யாராவது?

அவர் இல்லை என்றார். அன்னபூரணம் அக்கா, "அந்தப் பெடியன்..." என்றா. அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "அது தேவையில்லாத கதை. தம்பி, இல்லை எண்டு எழுதும்."

நான் பேனையை மூடி வைத்தேன். "நான் மானிப்பாய் இல்லை. அஞ்சலாவின்ர தம்பி" என்றேன்.

அவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்னபூரணம் அக்கா படிக்கட்டு வரை என்னோடு வந்து, சீலைத் தலைப்பை வாயில் வைத்தபடி சொன்னா. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அத்தான் நீர்கொழும்புக்குப் போகவில்லை. மாசி மாதம் ஒரு விடியற்காலை சந்தைக்குப் போகிற வழியில் ஆமியோ பொலிசோ பிடித்திருக்கிறார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்க, இந்த வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறார். ஆரும் மறித்தால் எங்கள் விலாசத்தைச் சொல்லும், பயப்பிடாதையும் என்று ஐயாத்துரையரே சொல்லி வைத்திருந்தாராம். அவரை ஜீப்பில் ஏற்றி, விலாசத்தை உறுதிப்படுத்த இந்த வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரையும் பொலிசில் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். ஐயாத்துரையர் அத்தானைப் பதியவே இல்லை. தீவுப் பக்கத்து இளம் ஆள் வீட்டில் இருந்தால் விசாவுக்குக் கரைச்சல் என்று விட்டுவிட்டார். கராச்சில் படுக்கிறவன் வீட்டு ஆளா என்று நினைத்திருப்பார்.

வந்தவர்கள் பதிவைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். இந்த ஆள் இங்கேயா இருக்கிறான் என்று கேட்டார்கள். அவர், "அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்லை" என்று சொன்னார்.

அத்தான் ஜீப்பின் பின்னுக்கு இருந்து "ஐயா" என்று கூப்பிட்டாராம். ஐயாத்துரையர் கேற்றைச் சாத்தினார். ஜீப் போய்விட்டது. நம்பரை ஒருவரும் பார்க்கவில்லை.

அக்கா, நான் நாயாய் இந்த நகரத்தில் அலைந்தேன். அவர் காணாமல் போன இடம் ஒரு வீட்டு வாசல். பக்கத்தில் ரோசாச் சாடி வைத்திருக்கிறார்கள்.

றஜீபன்


கரம்பொன்
03.10.2007

தம்பி,

"ஐயா" என்று ஒரு தரமா கூப்பிட்டவர்? கையைக் கட்டியிருந்தார்களா? சேட்டுப் போட்டிருந்தாரா? அன்னபூரணம் அக்காவைக் கேட்டு எழுது. அவ கட்டாயம் பார்த்திருப்பா.

மாமிக்குச் சொன்னேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போனா. பிறகு வந்து, "அப்ப அவனை ஆரும் செத்தவன் எண்டு சொல்லேல்லை. இல்லை எண்டுதான் சொன்னவங்கள்" என்றா.

நான் இன்றைக்கும் முற்றம் கூட்டினேன். விடிந்ததும் கை தானாக விளக்குமாற்றை எடுக்கிறது. பாதி கூட்டினபிறகுதான் யாருடைய முற்றம் என்று நினைவு வந்தது. கூட்டின குப்பையை அள்ளித் திரும்ப முற்றத்திலேயே கொட்டினேன். நிலக்சனா அம்மாவுக்கு விசர் என்று சிரிக்கிறாள்.

போவதற்கு இடமில்லை. அல்லைப்பிட்டியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் காவலரண். போகவேண்டும் என்றும் இல்லை. பின் அறையைத் திறந்து பார்த்தேன். ஐயாத்துரையரின் மகளின் பள்ளிக்கூடப் படங்களும் ஒரு பழைய தொட்டிலும்தான். இதற்காகவா திறக்காதே என்றார்?

ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் வந்து போனார். நேவி திரும்பவும் குடும்ப விபரம் எடுக்கிறதாம், இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு வருவார்கள்.

அஞ்சலா


கிரிபத்கொட
19.10.2007

அன்புள்ள அக்கா,

கமிசனுக்குத் திரும்பப் போனேன். அவர் கொழும்பில் இருந்தார் என்பதற்கு யாராவது வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டுமாம். பதிவில் இல்லாத ஆளை இங்கே காணவில்லை என்று தேட ஏலாதாம். ஐயாத்துரையரிடம் போய்க் கேட்டேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கதைத்தார். "நான் சொல்லியிருந்தா என்னையும் ஏத்தியிருப்பாங்கள் தம்பி. உமக்கென்ன தெரியும்?" அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஏற்றியிருப்பார்கள்தான். ஆனால் பிறகும் எட்டு மாதம் வாயைத் திறக்காமல், உங்களைக் கொண்டு முருங்கை வெட்டுவித்தாரே, அதற்கு யார் துவக்கு நீட்டினார்கள்? அவர்களுக்கு விசா வந்துவிட்டது. மார்கழியில் போகிறார்கள்.

அன்னபூரணம் அக்காவிடம் கேட்க முடியவில்லை. உள்ளே இருந்து அவவின் இருமல் மட்டும் கேட்டது.

நான் சொல்வதைக் கேளுங்கள். குடும்ப விபரம் எடுக்க வரும்போது மூன்று பேர் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள், மாமி, நிலக்சனா. அத்தானின் பெயரை எடுக்க வேண்டாம். இளம் ஆள், பிடிபட்டவர் என்று தெரிந்தால் வீட்டைக் கிளறுவார்கள், உங்களைக் காம்புக்கு வரச் சொல்லுவார்கள். பிள்ளை இருக்கிறது. உங்கள் கோபத்தை எனக்கு எழுதுங்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டாம்.

றஜீபன்


கரம்பொன்
04.11.2007

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் நேரத்துக்கு வந்தது. வாசித்துவிட்டுத்தான் செய்தேன். தெரியாமல் செய்ததாக நினைக்காதே.

விதானையாரோடு இரண்டு நேவிக்காரர் வந்தார்கள். இந்த வீட்டில் வசிப்பவர்கள் யார் என்று விதானையார் கேட்டார். முதலில் அவருடைய பெயரைச் சொன்னேன். சில்வெஸ்ரர், குடும்பத் தலைவர், கடற்தொழில்.

விதானையார் தாளிலிருந்து பேனையை எடுத்துவிட்டார். "பிள்ளை, இல்லாத ஆளை நான் எப்பிடி எழுதிறது?"

"இல்லாத ஆள் எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ. கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ. நான் கோயிலில குடுக்கிறன்."

மனுசன் என்னையும் பார்த்தார், மாமியையும் பார்த்தார். நல்ல மனுசன்தான், பயந்த மனுசன். நேவிக்காரர் என்ன என்று கேட்டார்கள். விதானையார் சிங்களத்தில் என்னவோ சொன்னார். ஒருவன் தமிழில், "அவர் எங்க?" என்று கேட்டான். கொழும்பில் உங்கள் ஆட்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். அவன் விதானையாரை எழுதச் சொன்னான். ஐயாத்துரையரின் வீட்டு விலாசத்தில் இப்போது நாலு பேர் இருக்கிறோம். தாளின் ஒரு பிரதி கதவில் ஒட்டியிருக்கிறது. அவர் கனடாவில் இருந்து வந்து பார்க்கட்டும்.

திருநாள் அன்று கோயிலுக்குப் போனோம். மாமி பெயர் கொடுக்கவில்லை. யார் யாருடைய பெயரோ வாசித்தார்கள், அல்லைப்பிட்டி ஆட்களின் பெயர்கள் வரவர முடியவில்லை. எல்லாருக்காகவும் சொன்னேன். அவருக்காகச் சொல்லவில்லை. செத்திருந்தால் கடவுள் என்னோடு கணக்குப் பார்க்கட்டும். எனக்குப் பதில் கிடைக்கவில்லை, தம்பி. நீ கொண்டுவந்தது பதில் இல்லை. ஆனால் அவரைத் தெரியாது என்று சொல்லுகிற ஆளாக நான் இருக்க மாட்டேன்.

நீ பயந்தது நடந்தது. இன்றைக்குக் காலமை அதே இரண்டு பேரும், கூட அவர்களுக்கு மேலே உள்ள ஒரு பெரியவனும் வந்தார்கள். துவக்கோடுதான். கதவில் இருந்த தாளைப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, "சில்வெஸ்ரர் இருக்கா?" என்று அந்தப் பெரியவன் கேட்டான். நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன்.

மாமிதான் முன்னுக்குப் போனா. இந்த வருசத்தில் அவருடைய பெயரைச் சொல்லி வாசலில் வந்து கேட்ட முதல் ஆட்கள் அவர்கள். மாமி உள்ளே வந்து, ஐயாத்துரையரின் நல்ல கதிரைகளில் மூன்றைத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் வைத்து, சீலைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, அவர்களை இருக்கச் சொன்னா.

அக்கா
அஞ்சலா